முக்காலுக்கு எம்

போன வாரம் பெபிஷா தன் தம்பியை அடித்தாலும் அடித்தாள், எனக்குத்தான் வசவு. "ஷிபினை அடித்தது என்ன நியாயம்?" என்று கடிதத்துக்கு மேல் கடிதம். மார்த்தாண்டத்து அம்மா ஒருவர் பத்திரிகை ஆபீசுக்கே போன் போட்டு, அந்தப் பெண்ணுக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்று சொல்லச் சொன்னாராம். சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா, அடித்தது அவள்தான், நான் எழுதினதோடு சரி.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு நிமிடம். புதுக்கடை சந்திப்பில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள் பெபிஷா. குளச்சல் மீன் ஏலத்துக்கென்று அவளே யோசித்து, அவளே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். அதே புரோகிராமை எர்ணாகுளத்துக் கம்பெனி ஒன்று தன்னுடையது என்று சொல்லி விற்கிறதாகக் காதில் விழுந்தது. சென்டரில் கூட வேலை பார்த்த தம்பி ஷிபின் போன மாதம்தான் எர்ணாகுளம் போய் வந்திருந்தான். அவன்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, சென்டரில் நாலு பேர் பார்க்க அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான்.

இனி சனிக்கிழமை காலை.

ரெஜின் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். பெபிஷாவின் கணவன். நாகர்கோவிலில் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் விற்கிற கடையில் சேல்ஸ்மேன். பேச்சில் அவனை அடிக்க ஆள் கிடையாது. உடைந்த பிரிண்டரைக் கூட, "இது ரெஸ்ட் எடுக்குது சார்" என்று சொல்லி விற்றுவிடுவான்.

"பெபி, இன்னைக்கு சாயங்காலம் செல்வதாஸ் சார்னு ஒருத்தரு வீட்டுக்கு வாறாரு. பெரிய கம்பெனி மேனேஜரு. எனக்கு அங்க வேல உறுதியான மாதிரிதான். நல்ல சாயாவும் பழம்பொரியும் செய்து வையி."

"என்ன வேல?"

"அத அவரு வாயால கேளு. சர்ப்ரைஸ்."

பெபிஷா சிரித்தாள். ஷிபின் போனதிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான். ரெஜின் அதையும் கவனித்தான். சீப்பை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னும் அந்தப் பயல நெனச்சிட்டு இருக்கியா? சவத்த விடு பெபி. சின்னப் பையன், ஏதோ ஆசையில செஞ்சிட்டான். நம்ம மன்னிச்சிருவோம்."

தம்பி செய்த துரோகத்தை மன்னிக்கச் சொல்லுகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம், நினைத்துக்கொள்ளட்டும்.

"நேரமாச்சு மக்கா, பஸ்ஸு போயிரும்" என்று வாசலில் இருந்து மாமியார் விக்டோரியாவின் சத்தம் வந்தது. குலசேகரத்தில் இருக்கும் அவருடைய தங்கை எலிசா படியில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டுக் கிடக்கிறாள். மாமியாரும் மருமகளுமாகப் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும். விக்டோரியா குளச்சல் கடற்கரையில் பிறந்தவர். கல்யாணமாகிப் புதுக்கடைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்தக் குரல் இன்னும் அலைச் சத்தத்துக்கு மேலேதான் இருக்கும்.

எலிசாவின் வீடு மாடியில். கீழே ரப்பர் ஷீட் வாங்கும் கடை. படியேறும்போதே ஷீட்டின் புளித்த வாடை கூடவே ஏறி வந்தது. மாடியில் அக்காளும் தங்கையும் காலைப் பற்றி ஆரம்பித்து ஊர்க்கதையில் இறங்கிவிட்டதால், பெபிஷா கடைக்கு வந்தாள். எலிசாவின் மகள் ஜிஷா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"மைனி, கேறி வாங்க. ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்னு நெனச்சிட்டே இருந்தேன். நம்ம கடைக்குப் புது சாஃப்ட்வேர் போட்டாச்சு!"

"கொள்ளாமே. யாரு போட்டுத் தந்தா?"

"எர்ணாகுளத்துக் கம்பெனி மைனி. ஏஜெண்டு நேர்ல வந்து போட்டுத் தந்தாவ."

எர்ணாகுளம் என்றதும் பெபிஷாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எர்ணாகுளத்தில் ஒரே ஒரு கம்பெனியா இருக்கும்? ஜிஷாவின் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். வேறு நிறம், வேறு தலைப்பு. மீன் வகை என்று அவள் எழுதிய இடத்தில் ஷீட் தரம் என்று இருந்தது. இந்த மாதிரிக் கட்டங்கள் எல்லாப் புரோகிராமிலும் உண்டு. மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பெரியவர் ஒருவர் தராசில் ஷீட்டுக்கட்டை வைத்தார். எலெக்ட்ரானிக் தராசு காட்டிய எடையை ஜிஷா வேகமாக அடித்தாள். ஒரு எண் மாறிப் போயிற்று.

"எளவு!" என்றபடி மவுஸைப் பிடித்து, எண்ணைக் கறுப்பாக்கி, அதன் மேலேயே திரும்ப அடித்தாள்.

"பேக்ஸ்பேஸ் அடிச்சாப் போராதா?"

"இதுல பேக்ஸ்பேஸ் வேல செய்யாது மைனி. எடைக் கட்டத்துல மட்டும்தான் இந்தச் சீக்கு. மத்த கட்டத்துல ஒக்க நல்லாத்தான் இருக்கு. கம்பெனியில சொல்லியாச்சு. எழுதின ஆளு வந்து சரி பண்ணித் தருவாருன்னாவ."

பெபிஷா ஜிஷாவின் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் நவுரு மக்கா" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். எடைக் கட்டத்தில் நாலு என்று அடித்தாள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, எம் எழுத்தை அழுத்தினாள்.

திரையில் 4.75 என்று விழுந்தது.

"அய்யோ மைனி, அதத் தொடாதீங்க! அது வைரசு. எம் எழுத்துல கை பட்டா முக்கால் கேறி விழும். கே, ஏ, எல்லாத்துக்கும் ஒவ்வொண்ணு விழும். அதால ஒரு நாளு ஒருத்தருக்கு எடை கூடிப் போயி, அப்பா என்ன கொல்லாத கொறை."

வைரஸ்! பெபிஷாவுக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

அது வைரஸ் இல்லை. குளச்சல் ஏலத்தில் யாரும் "நாலு புள்ளி ஏழு அஞ்சு" என்று கூப்பிட மாட்டார்கள். "நாலே முக்கால் பெட்டி!" என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த மூச்சில் அடுத்த மீன் வந்துவிடும். கணக்கு எழுதும் மரியஜான் அண்ணன் ஈரக் கையோடு கீபோர்டில் புள்ளியைத் தேடுவதற்குள் ஏலம் இரண்டு தாண்டிப் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெபிஷாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பெட்டிக் கட்டத்தில் விழுகிற ஒவ்வொரு விசையையும் புரோகிராம் காவல்காரன் மாதிரி வாசலில் நின்று பிடித்துப் பார்க்கும்படி எழுதினாள். எண்ணா, உள்ளே வா. புள்ளியா, ஒன்று மட்டும் வா. கே என்றால் கால், ஏ என்றால் அரை, எம் என்றால் முக்கால். வேறு எதுவாக இருந்தாலும் அப்படியே திரும்பிப் போ.

தராசு எடை காட்டுகிற ரப்பர் கடையில் கால், அரை, முக்கால் யாருக்கு வேண்டும்? எதற்கு என்றே தெரியாமல் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சரி, திருடியது உறுதியாயிற்று. அதுதான் ஏற்கெனவே தெரியுமே. அவளை உட்கார்ந்த இடத்தில் உறைய வைத்தது பேக்ஸ்பேஸ்.

ஏனென்றால் அந்தப் பிழை அவளுடையது. பேக்ஸ்பேஸும் ஒரு விசைதான் என்பதை முதலில் அவள் மறந்துபோனாள். எண்ணும் இல்லை, புள்ளியும் இல்லை, காலும் அரையும் முக்காலும் இல்லை. அதனால் காவல்காரன் பேக்ஸ்பேஸையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். முதன்முதலாகக் குளச்சலுக்குக் கொண்டு போன அன்றே மரியஜான் அண்ணன், "தப்பா அடிச்சத அழிக்க முடியல்லியே மக்கா! நீ வந்து அழிக்கதுக்குள்ள மீனு நாறிப் போவும்" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவமானத்தோடு வீட்டுக்கு வந்து அன்றைக்கே சரி செய்தாள். பழையதை அழித்தாள். ஷிபின் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு எவ்வளவோ பிறகு. அவன் கண்ணில் பட்டதெல்லாம் சரி செய்ததுதான்.

பிழையோடு இருந்த பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்று.

குளச்சலுக்குக் கொண்டு போவதற்கு முந்தின நாள். ரெஜின் ஒரு பென்டிரைவை நீட்டினான். "நீ எழுதின மொத புரோகிராம் பெபி. அப்பிடியே முழுசா எனக்கு ஒரு காப்பி தா. நாளைக்கு நீ பெரிய ஆளாயிருவே. என்னயெல்லாம் மதிப்பியா? எங்கிட்ட இது இருக்கட்டும், ஞாபகத்துக்கு." அந்தப் பென்டிரைவைச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டான். அவள் சந்தோஷத்தில் கண் கலங்கிப் போனாள். மறுநாள் பேக்ஸ்பேஸ் கதையை அவனிடம் சொல்லவும் செய்தாள். அவன் காதில் வாங்கினானா என்பது இப்போது தெரிந்துவிட்டது.

தாலி கட்டினவன் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனதை விற்றிருக்கிறான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். 'என் பேரில் விற்கிறேன்' என்று சொல்லியிருந்தால் கூடச் சம்மதித்திருப்பாள் போல. காலையில் பக்கத்தில் வந்து நின்று தம்பியை மன்னிக்கச் சொன்னானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் அடக்கிவைத்தால் வெடித்துவிடுவாள் போலிருந்தது.

விக்டோரியா முதலில் சீறினார். "எம் புள்ள அப்பிடிச் செய்ய மாட்டான். நீயா ஒண்ண நெனச்சிட்டுப் பேசாத. அன்னைக்குத் தம்பிதான்னு சொன்னே, இன்னைக்கு இவனா?"

அது நியாயமான கேள்வி. பெபிஷா கோபப்படவில்லை. கே, ஏ, எம் என்ற மூன்று எழுத்தையும் விளக்கினாள். மீன் விலை சத்தத்திலேயே வளர்ந்தவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் முக்கால் பெட்டி தெரியும்.

"ரப்பர் ஷீட்டுக்கு எதுக்குட்டி முக்கால்?" என்றார் விக்டோரியா.

"அதத்தான் மாமி நானும் கேக்கேன்."

பையிலிருந்து செபமாலையை எடுத்தார். மார்த்தாண்டம் வரும்வரை அது கையில் இருந்தது, மணி நகரவில்லை.

மார்த்தாண்டத்தில் புதுக்கடை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பெபிஷா ஷிபினுக்குப் போன் அடித்தாள். எடுக்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். உடனே எடுத்தான்.

"சொல்லுக்கா."

"நீ கொடுக்கல்ல. இல்லியாலே?"

அந்தப் பக்கம் கதவு ஒன்று சாத்துகிற சத்தம் கேட்டது.

"இல்லக்கா."

"பின்ன ஏன்லே அன்னைக்கு வாயத் தொறக்கல்ல? அடி வாங்கிட்டுப் பேசாமப் போனியே!"

"நான் இண்டர்வியூவுக்கு எர்ணாகுளம் போனேம்லா. அங்க ஒரு கம்பெனி வாசல்ல அத்தானப் பாத்தேன். என்னப் பாத்ததும் அத்தானுக்கு வெப்ராளம், பயந்து வேர்த்துப் போச்சு. எங்கையப் புடிச்சிட்டு அழுதாவக்கா. 'ஒங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன விட்டுட்டுப் போயிருவா, சொல்லாத மக்கா'ன்னாவ. சத்தியம் வாங்கிட்டாவ."

"அதுக்காக அடியையும் வாங்கிட்டியா?"

"நீ நல்லா இருக்கணும்லா. வேற என்ன?"

பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் பெபிஷா அழுதாள். விக்டோரியா முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

புதுக்கடை பஸ் தாமதித்ததில் அவர்கள் வீடு சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. செல்வதாஸ் முன்பே வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் ரெஜின் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"வா வா. சார், இவதான் என் வைஃப். சந்திப்புல சின்னதா ஒரு சென்டர் வச்சிருக்கோம். டைப்பிங், ஜெராக்ஸ் எல்லாம் இவதான் பாத்துக்கிடுகா."

டைப்பிங், ஜெராக்ஸ். பெபிஷா அந்த இரண்டு வார்த்தையையும் கேட்டுக்கொண்டாள்.

அந்த எர்ணாகுளத்துக் கம்பெனியின் மேனேஜர்தான் செல்வதாஸ். எழுந்து கும்பிட்டார். நல்ல மனுஷன்தான். "ஒங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு ஆளு நம்ம ஜில்லாவுல இருக்காருன்னே எங்களுக்குத் தெரியாமப் போச்சு மேடம். தனியா இருந்து எழுதியிருக்காரு பாருங்க. எம் அடிச்சா முக்கால்! இந்த ஐடியா எப்பிடி சார் வந்துதுன்னு கேட்டேன். மீன் ஏலத்துல ஈரக் கையோட நிக்கவங்களப் பாத்து யோசிச்சேன்னாரு. அன்னைக்கே முடிவு பண்ணினேன், டெவலப்மெண்ட் ஹெட் இவருதான்னு."

ரெஜினுக்கு மீன் வாடையே ஆகாது. குளச்சலில் பொண்டாட்டியை ஏலக்கூடத்தில் விட்டுவிட்டு, அந்தப் பக்கமே வராமல் பஸ் ஸ்டாப்பில் நிற்பவன். அவள் நின்று பார்த்ததைக் கூட அவன் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான். பெபிஷா அடுக்களைக்குப் போய்ச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சார்" என்று ஹாலில் செல்வதாஸ் சொல்வது கேட்டது. "எடைக் கட்டத்துல பேக்ஸ்பேஸ் வேல செய்யல்லன்னு கஸ்டமரு எல்லாம் சத்தம் போடுகாவ. லேப்டாப்புல எல்லாம் கொண்டு வந்திருக்கேன். நீங்க எழுதினதுதானே, ஒரு நிமிஷம் பாத்துத் தந்தா கையோட கொண்டு போயிருவேன்."

"அதுக்கென்ன சார், சின்ன விஷயம்! சாயா ஆச்சான்னு பாத்துட்டு வாறேன்" என்று ரெஜின் உள்ளே வந்தான். கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"பெபி, பேக்ஸ்பேஸ் எப்பிடி சரி பண்ணினே? ஒரு வரிதானே? சொல்லித் தா. பிறகு ஒனக்கு எல்லாம் சொல்லுகேன்."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

அவன் அதிரவில்லை. எந்தச் சரக்கையும் விற்கத் தெரிந்தவன். குரலைத் தாழ்த்திக் குழைந்தான். "நமக்காகத்தான் செஞ்சேன். புதுக்கடையில ஒரு பொம்பள எழுதினதுன்னு சொன்னா எவன் வாங்குவான்? எம் பேருல போனதாலதான் இத்தர தூரம் போச்சு. நான் மேல போனா நீயும்தானே மேல போவே?"

"ஷிபின்ட்ட எதுக்கு சத்தியம் வாங்கினீங்க?"

இப்போது அவன் முகம் செத்துவிட்டது.

"நான் அவன அடிச்சேன். நீங்க பாத்துட்டுதானே நின்னீங்க? ஒரு வார்த்த சொல்லல்லியே."

"அதப் பேச இப்ப நேரமில்ல பெபி. வெளிய ஆளு இருக்கு. மானம் போயிரும். ஒரு வரி. ஒன் காலப் புடிக்கேன்."

ஒரு வரிதான். பேக்ஸ்பேஸ் வந்தால் அதையும் உள்ளே விடு என்று காவல்காரனுக்குச் சொல்கிற ஒரே வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லிவிடுவாள்.

சாயாத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி ஹாலுக்கு வந்தாள்.

"சார், இவருக்கு நான் என்னமோ சொல்லித் தரணுமாம். எனக்கு என்ன சார் தெரியும்? நான் டைப்பிங், ஜெராக்ஸ் பாக்கவ. எழுதினவரே சரி பண்ணட்டும். நீங்க சாயா குடியுங்க."

செல்வதாஸ் சிரித்தபடி லேப்டாப்பைத் திறந்து ரெஜின் முன்னால் வைத்தார். அவன் உட்கார்ந்தான். உட்காராமல் என்ன செய்வான்? திரை முழுக்க வரிவரியாக அவள் எழுதியது. மேலே போனான். கீழே வந்தான். எதையோ ஒன்றைச் சொடுக்கினான், அது வேறு எதையோ திறந்தது. மூடினான். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியது.

"எழுதுலே" என்றார் வாசலில் நின்ற விக்டோரியா. "நீதானே எழுதினே?"

பெற்ற தாய் மகனைப் பார்த்து அப்படிக் கேட்கிற குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. செல்வதாஸின் சிரிப்பும் மெல்ல வற்றியது. சாயா கிளாசைக் கீழே வைத்தார்.

"ரெஜின் சார். மறைக்காமச் சொல்லுங்க. இத எழுதினது யாரு?"

இத்தனைக்குப் பிறகும் பெபிஷா காத்திருந்தாள். 'இவதான்' என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் போதும், குலசேகரத்தில் பார்த்ததைக் கூட மறந்துவிட அவள் தயாராக இருந்தாள். பைத்தியக்காரி! நான் அவள் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

ரெஜின் தாயைப் பார்த்தான். பெபிஷாவைப் பார்த்தான். கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். துடைத்து முடிந்ததும் பழைய சேல்ஸ்மேன் முகம் திரும்பி வந்திருந்தது.

"மன்னிச்சிருங்க சார். நான் எழுதல்ல. என் மச்சினன், ஷிபின்னு ஒருத்தன். அவன்தான் தான் எழுதினதுன்னு சொல்லி எங்கிட்ட தந்தான். நானும் நம்பிட்டேன்."

தட்டு பெபிஷாவின் கையிலேயே இருந்தது. கூடவே வாழ்ந்தவன், கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பிறகும், அவள் பெயரைச் சொல்லவில்லை.

(தொடரும்)